ஒரே கனவு திரும்பத் திரும்ப ஏன் வருகிறது?

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. படிப்பை முடித்துப் பதினெட்டு ஆண்டுகள் ஆன பிறகும் தேர்வு அறையில் அமர்ந்திருப்பதாகக் கனவு வருகிறது, வினாத்தாளில் உள்ள எழுத்துகளை வாசிக்க முடிவதில்லை, பேனா எழுத மறுக்கிறது, மணி அடிக்கப் போகிறது என்ற பதற்றத்திலேயே விழிப்பு வந்துவிடுகிறது, இதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நிறுத்த வழி உண்டா என்பது இரண்டாவது கேள்வி. பத்து வயது மகளும் யாரோ துரத்துவதாக ஒரே கனவைச் சொல்லி அழுகிறாள், இது பரம்பரையாக வருவதா என்பது மூன்றாவது.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இது கெட்ட சகுனம் அல்ல, நீங்கள் விவரித்த அளவில் நோயும் அல்ல. வினாத்தாளுக்கு ஒரு பொருள், பேனாவுக்கு ஒரு பொருள், மணிக்கு ஒரு பொருள் என்று தேடிக்கொண்டு போனால் எதுவும் கிடைக்காது. அந்தக் கனவு எந்த நாட்களில் வருகிறது, எந்த உணர்ச்சியோடு உங்களை எழுப்பிவிடுகிறது, இத்தனை ஆண்டுகளில் அதில் எது மாறியிருக்கிறது என்று பார்த்தால் கிடைக்கும். குறிப்பாக ‘எப்போது’ என்ற கேள்வியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். இதைப் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வதே இல்லை.

இது எவ்வளவு பரவலான அனுபவம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காட்டினர், வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மகிழ்ச்சியான கனவுகள் அல்ல. 1958ஆம் ஆண்டில் அமெரிக்க மாணவர்களையும் ஜப்பானிய மாணவர்களையும் ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், கீழே விழுவது, யாரோ துரத்துவது அல்லது தாக்குவது, ஒரு காரியத்தை எத்தனை முறை முயன்றும் முடிக்க முடியாமல் தவிப்பது, பள்ளியும் ஆசிரியரும் படிப்பும் ஆகிய கனவுகள் இரு நாட்டாரிடமும் முன்வரிசையில் இருந்தன. 2003இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் துரத்தப்படும் கனவைக் கண்டதாகச் சொன்னார்கள். ஆகவே நீங்கள் கண்ட கனவையும் உங்கள் மகள் கண்ட கனவையும் உலகின் பல மூலைகளில் வெவ்வேறு மொழி பேசுவோர் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

‘ஒரே கனவு’ என்று நாம் சொல்வதற்குள் உண்மையில் இரண்டு வகைகள் அடங்கியிருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். விபத்து, போர், வன்முறை போன்ற பேரதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்கு, நடந்த சம்பவமே ஏறக்குறைய அப்படியே மீண்டும் மீண்டும் கனவில் ஓடுவது ஒரு வகை. கதையும் இடமும் மாறிக்கொண்டே இருந்தாலும் அடியில் இருக்கும் சிக்கல் மட்டும் மாறாமல் வருவது இன்னொரு வகை. உங்களுடையது இரண்டாவது வகை. ஒரு முறை பள்ளி வகுப்பறையாகவும் மறுமுறை அறிமுகமே இல்லாத பெரிய கூடமாகவும் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காட்சி மாறியும் நீங்கள் அதை ‘அதே கனவு’ என்று அடையாளம் கண்டுகொண்டீர்கள் என்றால், எதை வைத்து அடையாளம் கண்டீர்கள்? ‘நான் தயாராக இல்லை, நேரம் முடியப் போகிறது’ என்ற உணர்ச்சியை வைத்துத்தான். அந்தக் கனவுக்கு முதுகெலும்பு அதுதான். இடமும் ஆட்களும் அதன்மேல் மாறி மாறிப் போர்த்தப்படுபவை.

இனி, கனவுப் பலன் பட்டியல்கள் ஏன் உதவுவதில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கனவைப் பற்றித் தேடியபோது நீங்களும் அவற்றைத்தான் முதலில் பார்த்திருக்கிறீர்கள். கனவுக்குப் பலன் சொல்லும் நூல்கள் மிகப் பழையவை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் என்ற கிரேக்கர் ஐந்து பகுதிகள் கொண்ட ஒரு பெரிய கனவு நூலை எழுதினார். இன்றைய பட்டியல்களுக்கெல்லாம் மூதாதை என்று அதைச் சொல்லலாம். ஆனால் அவரே, கனவு கண்டவர் யார், என்ன தொழில் செய்கிறார், உடல்நிலை எப்படி, பழக்கவழக்கங்கள் என்ன என்பதையெல்லாம் அறியாமல் பலன் சொல்லக் கூடாது என்பதிலும், ஒரே கனவு இருவருக்கு வெவ்வேறு பொருள் தரும் என்பதிலும் உறுதியாக இருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பற்கள் உதிர்வதுபோல் வரும் கனவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதற்குச் சொல்லப்படாத பலன் இல்லை: மரணம், பண இழப்பு, அவமானம், முதுமை பற்றிய அச்சம் என்று ஒவ்வொரு பட்டியலும் ஒன்றைச் சொல்லும். 2018இல் இஸ்ரேலைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 210 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பல் உதிரும் கனவு அடிக்கடி வருவதற்கும் மன உளைச்சலுக்கும் அவர்களால் தொடர்பு காண முடியவில்லை. காலையில் விழிக்கும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் உணரப்படும் இறுக்கத்தோடுதான் தொடர்பு தென்பட்டது. அதாவது, உறக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோன்ற ஓர் உடல் உணர்வையே மூளை ஒரு காட்சியாக்கி இருக்கக்கூடும். ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு முடிவு கட்டிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கனவைக் கண்டு நடுங்கிப் பட்டியலைத் தேடுபவர், அதற்குப் பதில் ஒரு பல் மருத்துவரிடம் தாடையைக் காட்டினால் கூடுதல் பயன் கிடைக்கும் என்று நான் துணிந்து சொல்வேன்.

பட்டியல்கள் தோற்பதற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் எர்னெஸ்ட் ஹார்ட்மன், பேரிடர்களில் தப்பியவர்களின் கனவுகளை நீண்ட காலம் சேகரித்து ஆராய்ந்தவர். தீப்பற்றிய வீட்டிலிருந்து உயிர் தப்பிய ஒருவர் முதலில் சில நாட்கள் நெருப்பைக் கனவு காண்கிறார். பிறகு அதே மனிதர் பேரலை ஒன்று வந்து தன்னை அடித்துக்கொண்டு போவதாகவோ, கொலைகாரர்கள் துரத்துவதாகவோ காணத் தொடங்குகிறார். அவர் வாழ்க்கையில் அலையும் இல்லை, கொலைகாரர்களும் இல்லை. ‘என்னால் தாங்க முடியாத ஒன்று என்மீது வருகிறது’ என்ற அச்சம் மட்டுமே இருக்கிறது, அது தனக்கேற்ற படத்தைத் தேடிக்கொள்கிறது. இதைத் திருப்பிப் பாருங்கள். அலையைக் கனவில் கண்டவர் நெருப்பிலிருந்து தப்பியவராக இருக்கலாம், அண்மையில் தாயை இழந்தவராக இருக்கலாம், வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவராகவும் இருக்கலாம். ‘அலை என்றால் இது’ என்று எந்தப் பட்டியலும் எப்படிச் சொல்ல முடியும்?

கனவு நேரத்தில் மூளையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால், உங்கள் கனவின் சில விநோதங்களுக்கு மர்மமில்லாத விளக்கம் கிடைத்துவிடும். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும், உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைவாக அசையும் ஒரு கட்டம் உறக்கத்தில் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ரெம் உறக்கம் என்று இன்று அழைக்கப்படுவது இதுதான். கனவுகள் மற்ற நேரங்களிலும் வரும் என்றாலும், நீண்டு தெளிவாகக் கதைபோல் விரிபவை பெரும்பாலும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்று உறக்கம் நகர்கிறது, சுற்றுக்குச் சுற்று ரெம் கட்டத்தின் நீளம் கூடிக்கொண்டே போகிறது. விடியற்காலையில் வரும் கனவு துலக்கமாகவும் நீளமாகவும் இருப்பதற்கும், அதிலிருந்து நேராக விழித்துக்கொள்வதால் நன்றாக நினைவில் தங்குவதற்கும் காரணம் இது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று சொல்லப்படுவதற்கு அதன் நினைவுத் தெளிவே காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ரெம் நிலையில் அச்சம் முதலிய உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி சுறுசுறுப்பாக இயங்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு திட்டமிடுவதும் ‘இது எப்படிச் சாத்தியம்?’ என்று குறுக்குக் கேள்வி கேட்பதுமான பகுதிகளோ அடங்கிக் கிடக்கின்றன. பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்ட ஒருவருக்கு, தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கும்போது ‘நான்தான் தேறிவிட்டேனே’ என்று ஏன் தோன்றுவதில்லை என்பதற்கு இதுவே விடை: அப்படிக் கேட்க வேண்டிய பகுதி அப்போது பணியில் இல்லை. அதே நேரத்தில் கை கால் தசைகளுக்குப் போகும் கட்டளைகளை மூளைத்தண்டு தடுத்து நிறுத்திவிடுகிறது. ஓட முயன்றும் கால் நகராதது, கத்த முயன்றும் குரல் எழாதது, உங்கள் விஷயத்தில் பேனா எழுத மறுப்பது ஆகியவற்றுக்கு இந்தத் தசைச் செயலிழப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எழுத்துகளை வாசிக்க முடியாததும் உங்களுக்கு மட்டும் நேர்வது அல்ல, கனவில் எழுத்து நிலைத்து நிற்பதில்லை என்று மிகப் பலர் சொல்வதுண்டு.

இவையெல்லாம் கனவு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்கின்றன. அதே கனவு ஏன் திரும்புகிறது என்பது வேறு கேள்வி. சிக்மண்ட் ஃபிராய்ட் 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் கனவு நூலில், கனவு என்பது மறைந்திருக்கும் விருப்பத்தின் நிறைவேற்றம் என்று வாதிட்டார். முதல் உலகப் போரில் அதிர்ச்சியுற்ற வீரர்கள் போர்க்களக் கொடுமையையே இரவுதோறும் கனவு கண்டதை அந்தக் கொள்கையால் விளக்க முடியவில்லை, 1920இல் அவரே அதை ஒப்புக்கொண்டு தம் கோட்பாட்டைத் திருத்த வேண்டியதாயிற்று. அவருடைய பெருங்கோட்பாடு இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் தேர்வுக் கனவைப் பற்றி அதே நூலில் அவர் எழுதிய சிறு பகுதி இன்றும் படிக்கத் தக்கது. தாம் சட்ட மருத்துவத் தேர்வில் தோற்றதாகவும், அந்தப் பாடம் ஒரு முறைகூடக் கனவில் வந்ததில்லை என்றும், தட்டுத்தடுமாறியாவது தேறிவிட்ட தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும்தான் கனவில் வந்து தம்மைச் சோதித்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார். தேர்வுக் கனவு தேறியவர்களுக்குத்தான் வருகிறது என்று அவருடைய சகாவான வில்ஹெல்ம் ஸ்டெகெல் முன்பே கவனித்திருந்தார். மறுநாள் பொறுப்பான ஒரு காரியம் காத்திருக்கும்போது, அதில் கோட்டை விட்டுவிடுவோமோ என்ற கவலை எழும்போது இந்தக் கனவு வருகிறது என்றும், ‘அன்றும் இப்படித்தான் பயந்தாய், ஆனால் தேறிவிட்டாய் அல்லவா’ என்று ஆறுதல் சொல்லவே மனம் பழைய தேர்வைத் தேர்ந்தெடுக்கிறது என்றும் ஃபிராய்ட் விளக்கினார். ஆறுதல் என்ற பகுதியை நான் ஏற்கவில்லை, வியர்த்து விழிப்பவருக்கு அதில் ஆறுதல் எங்கே இருக்கிறது? ஆனால் மறுநாள் காத்திருக்கும் பொறுப்போடு அந்தக் கனவை அவர் இணைத்தது, நூற்றாண்டு கடந்தும் அசைக்கப்படாத ஒரு கவனிப்பு.

அதற்கு ஒத்துப்போகும் ஆய்வு ஒன்று பாரிஸ் நகரிலிருந்து 2014இல் வந்தது. இசபெல் அர்னுல்ஃப் தலைமையிலான குழு, மருத்துவப் படிப்புக்கான கடும் போட்டித் தேர்வை எழுதிய 719 மாணவர்களிடம் கனவுகளைப் பற்றிக் கேட்டது. தேர்வுக்கு முந்தைய இரவில் 60 விழுக்காட்டினர் தேர்வைப் பற்றிக் கனவு கண்டிருந்தனர், அந்தக் கனவுகளில் முக்கால் பங்குக்கு மேல் தாமதமாகப் போவது, விடை மறந்துபோவது போன்ற சிக்கல்கள் நிறைந்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், தேர்வைக் கனவில் கண்டவர்கள் மற்றவர்களைவிட நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார்கள். கனவுதான் மதிப்பெண்ணைக் கூட்டியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது, தேர்வைப் பெரிதாக எண்ணி உழைத்தவர்களுக்கே அது கனவிலும் வந்திருக்கலாம். எப்படியானாலும், கனவில் தோற்பது நனவில் தோற்பதற்கு முன்னறிவிப்பு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்டி ரெவோன்சுவோ 2000ஆம் ஆண்டில் வேறொரு கோணத்தை முன்வைத்தார். ஆபத்தை உறக்கத்திலேயே ஒத்திகை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகக் கனவு பரிணமித்தது என்பது அவர் கொள்கை. துரத்தப்படும் கனவுக்கு இது பொருந்துவதுபோல் தோன்றினாலும், திரும்பத் திரும்ப வரும் கனவுகளை (மீள்கனவுகளை) எடுத்துச் சோதித்த கனடிய ஆய்வாளர்கள், அச்சுறுத்தல் மிகுதியாக இருந்தபோதிலும் கனவு கண்டவர் அதிலிருந்து வெற்றிகரமாகத் தப்பிக்கும் காட்சி அரிதாகவே இருப்பதைக் கண்டார்கள். தப்பிக்கக் கற்றுக்கொடுக்காத ஒத்திகையால் என்ன பயன் என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால் வழிவந்த ஆய்வாளர்களின் கருத்து இதைவிட எளிமையானது, எனக்கு இதுவே நம்பகமாகத் தோன்றுகிறது: பகலில் நம் மனத்தை எவை பிடித்து வைத்திருக்கின்றனவோ அவையே இரவிலும் தொடர்கின்றன. கவலை தீராதவரை கனவும் தீராது, ஒரே மாதிரியான கவலை திரும்பும்போது, அவசரத்துக்குக் கைக்கு எட்டிய பாத்திரத்தை எடுப்பதுபோல் மனம் பழகிய காட்சியையே எடுத்துக்கொள்கிறது. பலருக்கு, தாம் மதிப்பிடப்பட்டு விடுவோம் என்ற அச்சம் வாழ்க்கையில் முதன்முதலாக உறைத்த இடம் தேர்வு அறையாக இருப்பதால், நாற்பது வயதிலும் அந்த அச்சம் அங்கேயே போய் உட்காருகிறது.

இப்போது ‘எப்போது’ என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கனவு வந்த கடைசி மூன்று தடவைகளை நினைவுபடுத்தி எழுதியிருந்தீர்கள்: ஒன்று, புதிய பொறுப்புக்கு மாற்றப்பட்ட வாரம், இன்னொன்று, மகள் பள்ளி மாறியபோது, மூன்றாவது, ‘காரணமே இல்லாமல்’. முதலிரண்டிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் வேலை கடினமாக இருந்தது என்பதைவிட, யாரோ ஒருவர் உங்களை எடைபோடப் போகிறார் என்பதும், அந்த எடைபோடலுக்கு முன் நீங்கள் போதுமான அளவு தயாராகவில்லை என்று நீங்களே கருதியதும்தான் பொதுவானவை. பள்ளி மாற்றத்தில் எடைபோடப்பட்டவள் மகள்தானே என்று தோன்றலாம். ஆனால் நல்ல பெற்றோரா என்ற தேர்வை எழுதியவர் நீங்கள். மூன்றாவது தடவைக்குக் காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வாரத்தின் நாட்குறிப்பையோ தொலைபேசியில் இருக்கும் செய்திகளையோ எடுத்து, தள்ளிப்போட்ட ஒரு காரியம், பதில் எழுதாத ஒரு கடிதம், வரப்போகும் மருத்துவப் பரிசோதனை என்று ஏதாவது இருந்ததா என்று பாருங்கள். நான் சொல்லும் விளக்கம் தவறாகவும் இருக்கலாம். உங்கள் கனவுக்கு இறுதித் தீர்ப்பு சொல்லும் தகுதி உங்களுக்கு மட்டுமே உண்டு, ஒரு விளக்கம் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் கேட்ட உடனேயே உள்ளுக்குள் பொருந்திவிடும்.

இதைச் சரியாகச் செய்யப் படுக்கையருகே ஒரு குறிப்பேடு போதும். விழித்ததும் எழுந்துவிடாமல், படுத்த நிலையிலேயே கனவைப் பின்னோக்கி நினைவுபடுத்திக்கொண்டு, தேதியும் கதையும் கடைசியாக உணர்ந்த உணர்ச்சியும் முந்தைய நாளில் மனத்தைத் தொட்ட நிகழ்வும் என நான்கைந்து வரிகள் எழுதினால் போதுமானது. கதையை விரிவாக எழுதத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். உணர்ச்சியை எழுதும்போது ‘பயம்’ என்று நிறுத்திவிடாதீர்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயமா, பின்தங்கிவிட்டோம் என்ற பயமா, யாரையோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற குற்றவுணர்வா, உதவி கேட்க யாரும் இல்லை என்ற தனிமையா என்று பிரித்து எழுதுங்கள். தேர்வுக் கனவு காணும் இருவரில் ஒருவருக்குப் படிக்காமல் வந்துவிட்டோம் என்பதே வேதனையாக இருக்கும், மற்றவருக்கு மற்றவர்கள் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க நான் மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கிறேன் என்பது வேதனையாக இருக்கும். கனவு ஒன்றாகத் தெரிந்தாலும் இருவரின் பிரச்சினையும் வேறு.

கனவில் ஏற்படும் சிறு மாற்றங்களை அலட்சியம் செய்யாதீர்கள். சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் ஒற்றைக் கனவைவிடத் தொடராக வரும் கனவுகளைச் சேர்த்து வைத்துப் படிப்பதையே விரும்பினார், அவருடைய மற்ற கருத்துகளை ஏற்காதவர்களும் இந்தப் பழக்கத்தைக் கடைப்பிடிக்கலாம். அண்மையில் ஒரு முறை பக்கத்தில் இருந்தவர் தம் பேனாவைக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள், அதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரியாகத் தோன்றியது அதுதான். ஆண்டுக்கணக்கில் தனியாகத் தவித்த கனவில் முதன்முறையாக ஒருவர் உதவுகிறார் என்றால், அந்தச் சமயத்தில் நனவில் யாரிடமாவது ஒரு சுமையைப் பகிர்ந்துகொண்டீர்களா என்று நான் கேட்பேன்.

விழுவது, வழி தவறுவது, வண்டியைத் தவறவிடுவது, ஆடையில்லாமல் பொதுவெளியில் நிற்பது போன்ற பிற மீள்கனவுகளுக்கும் இதே முறைதான், தனித்தனி விளக்கம் தேவையில்லை. இறந்துபோனவர் திரும்பத் திரும்ப வரும் கனவு மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. துக்கத்தின் தொடக்கத்தில் அவர் நோயுற்றவராகவோ பேசாமல் விலகிப் போகிறவராகவோ வருவதும், நாளடைவில் நலமாகவும் சிரித்த முகத்தோடும் வருவதும் பலரும் சொல்லும் அனுபவம். இழப்பை மனம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்வதன் தடயம் அது. வந்தவர் எதையோ கேட்கிறார், குறை வைத்துவிட்டோம் என்று அஞ்ச வேண்டியதில்லை. சொல்லாமல் விட்ட சொற்கள் இருந்தால் அவற்றை ஒரு தாளில் எழுதிவிடுவது, கனவில் அவர் சொன்னதற்குப் பலன் தேடுவதைவிட மனத்துக்கு இதமளிக்கும்.

இரண்டாவது கேள்வி, நிறுத்துவது எப்படி என்பது. ‘இன்று அந்தக் கனவு வரவே கூடாது’ என்று வைராக்கியமாகப் படுப்பது கெடுதலாகவே முடியும். ஹார்வர்டில் பணியாற்றிய உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட சோதனையில், உறங்குமுன் ஒருவரைப் பற்றி நினைக்கவே கூடாது என்று அறிவுறுத்தப்பட்டவர்களுக்கே அவர் கனவில் அதிகமாக வந்தார். விரட்டப்பட்ட நினைவு இரவில் திரும்பி வருகிறது. ஆகவே அதை விரட்டாமல் பகலில் உட்கார வைத்துப் பேசிவிடுவதே உத்தி.

அதற்கென்று வகுக்கப்பட்ட முறை ஒன்று உண்டு, கற்பனை ஒத்திகை என்று அதைச் சொல்லலாம். அமெரிக்க மருத்துவர் பேரி க்ராகோவும் குழுவினரும், பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளால் அவதிப்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்து, கனவுகள் குறைந்து உறக்கம் மேம்பட்டதை 2001இல் வெளியிட்டார்கள். இன்று உறக்க மருத்துவ அமைப்புகள் கெட்ட கனவுகளுக்குப் பரிந்துரைக்கும் முறைகளில் இது முன்னணியில் இருக்கிறது. செய்முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிது. பகலில், முழு விழிப்பில், கனவை எழுதிக்கொள்கிறீர்கள். பிறகு அதை உங்களுக்குப் பிடித்தபடி, எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் மாற்றி எழுதுகிறீர்கள். வினாத்தாளை வாசிக்க முடியவில்லை என்றால் கையை உயர்த்தி வேறு தாள் கேட்கலாம். ‘இந்தப் படிப்பை நான் எப்போதோ முடித்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்து வெயிலில் நடக்கலாம். மாற்றம் வீரதீரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, உங்களுக்கு நிம்மதி தருவதாக இருந்தால் போதும். அந்தப் புதிய கதையைத் தினமும் பத்து முதல் இருபது நிமிடம் வரை கண்களை மூடி, காட்சியாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பழைய கனவை மீண்டும் மீண்டும் ஓடவிடக் கூடாது, புதியதை மட்டுமே. சில வாரங்களில் கனவு நின்றுவிடலாம், அல்லது வந்தாலும் அச்சம் குறைந்திருக்கலாம். கனவுக்குள்ளேயே ‘இது கனவு’ என்று உணர்ந்து அதை மாற்றப் பயிலும் முறையும் இருக்கிறது. அது எல்லோருக்கும் கைகூடுவதில்லை, அதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

ஒத்திகை கனவின் முனையைத்தான் மழுங்கச் செய்யும். பகலில் இருக்கும் காரணம் அப்படியே இருந்தால் வேறொரு வடிவில் அது வந்துகொண்டே இருக்கும். மதிப்பிடப்படும் அச்சமே உங்கள் விஷயத்தில் அடிப்படை என்றால், தள்ளிப்போட்டிருக்கும் அந்த ஒரு காரியத்தை முடிப்பது எந்த உத்தியைவிடவும் வேகமாகப் பலன் தரக்கூடும். மீள்கனவு வந்துகொண்டிருப்பவர்களையும், முன்பு வந்து இப்போது நின்றுபோனவர்களையும், அது வந்தே இராதவர்களையும் ஒப்பிட்டு கனடிய ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், வந்துகொண்டிருப்பவர்களின் மனநலம் குறைவாகவும், நின்றுபோனவர்களின் மனநலம் நல்ல நிலையிலும் காணப்பட்டன. ஆகவே கனவு தானாக நின்றுபோனால் அதை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

சில சூழல்களில் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். நடந்த கொடுமை அப்படியே கனவில் ஓடி, உறங்கவே அஞ்சும் நிலை வந்தால் மனநல மருத்துவரின் உதவி தேவை. மூச்சு முட்டுவதாகவோ நீரில் மூழ்குவதாகவோ கனவு வந்து, கூடவே உரத்த குறட்டையும் பகல் நேரத் தூக்கமும் இருந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் ஸ்லீப் அப்னியா இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கனவில் அடிப்பதை நிஜத்திலும் கையை வீசி அடிப்பவர்கள், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவர்கள், நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ரெம் நிலையில் தசைகள் செயலிழக்காமல் போகும் இந்தக் கோளாறு, பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றக்கூடியது. ரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும், மது அருந்துவதைத் திடீரென்று நிறுத்துவதும் கனவுகளைக் கடுமையாக்கக்கூடும். அப்படிச் சந்தேகம் எழுந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடமே கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். கெட்ட கனவுகள் அடிக்கடி வரும் இயல்பில் மரபணுவுக்கு ஒரு பங்கு இருப்பதை, ஃபின்லாந்தில் இரட்டையர்களிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இயல்புதான் வழிவழியாக வரக்கூடியது, கனவின் கதை அப்படி வருவதில்லை. அவள் கனவில் துரத்துபவர் உங்களிடமிருந்து போனவர் அல்லர். சிறுவர்களின் மீள்கனவுகளில் பூதங்களும் விலங்குகளும் முகம் தெரியாத ஆட்களும் துரத்துவது மிகவும் சாதாரணம், வளர வளர அவை பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும். முதலில் அவள் எந்த நேரத்தில் அழுகிறாள் என்று பாருங்கள். உறங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் அலறி எழுந்து, உங்களை அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது கனவே அல்ல, ஆழ்ந்த உறக்கத்தில் நேரும் இரவு அலறல். அப்போது எழுப்பிக் கேள்வி கேட்காமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டு மீண்டும் உறங்கவிட வேண்டும். பின்னிரவில் விழித்துக் கதையைத் தெளிவாகச் சொல்கிறாள் என்றால் அது கனவு. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, தூங்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவள் கண்டது அவளுக்கு ஒன்றுமில்லாதது அல்ல. அந்த நேரத்தில் அணைத்துக்கொண்டு, மறுநாள் பகலில் அந்தத் துரத்தும் ஆளை வரையச் சொல்லுங்கள், பிறகு அவனை என்ன செய்யலாம் என்று அவளையே கேளுங்கள். பத்து வயதுக் குழந்தை அவனுக்கு வாலை ஒட்டிவைக்கும், பாதி வழியில் தும்மவைக்கும், கூடையில் போட்டு மூடும், யோசனையை நீங்கள் எடுத்துக்கொடுக்கத் தேவையே இருக்காது. படுக்கப் போகும் முன் அந்தப் புதிய முடிவை ஒரு முறை அவள் வாயாலேயே சொல்லவையுங்கள். பள்ளி மாறிய பிறகுதான் இந்தக் கனவு தொடங்கியதா என்பதையும், புதிய வகுப்பில் அவளோடு யார் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்பதையும் கனவைக் குறிப்பிடாமலே விசாரித்துப் பாருங்கள். வாரத்தில் பல இரவுகள் என்று இது மாதக்கணக்கில் நீடித்தாலோ, உறங்கப் போகவே அவள் மறுத்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.